படத்தில் முகம் இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது: டோன் சரிசெய்தல், அறிகுறிவாரியாக

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற முகத்தை நிரல் கோட்டைவிட்டால், பெரும்பாலானோர் முதலில் படத்தின் பிரகாசத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது கைகொடுக்காது. ஏன் என்று புரிந்துவிட்டால் கீழே வரும் மற்ற அறிகுறிகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது பைத்தான் மொழி, படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி லைப்ரரி, அதோடு வரும் ஹார் கேஸ்கேட் என்ற முகம் கண்டறியும் கருவி (டிடெக்டர்). நியூரல் நெட்வொர்க் டிடெக்டர்கள் வந்த பிறகும் ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகைகளிலும் கல்லூரி புராஜெக்ட்களிலும் இதை இன்னும் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். நியூரல் வகைக்குக் கணக்கே வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்தப் படத்திலும் ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை

நல்ல வெளிச்சத்தில் எடுத்த நேர்முகப் படத்திலும் பூஜ்யம்தான் என்றால் டோனை, அதாவது படத்தின் வெளிச்ச இருட்டு அளவுகளை, தொடாதீர்கள். சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. ஐஎம்ரீட் ஃபங்ஷன் ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் பிழை காட்டி நிற்காமல் வெறும் 'நன்' (எதுவும் இல்லை) மதிப்பைத் திருப்பித் தரும். டிடெக்டர் கற்றதை வைத்திருக்கும் கேஸ்கேட் ஃபைலின் பாதை தவறாக இருந்தாலும் ஆப்ஜெக்ட் உருவாகிவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதன் 'எம்ப்டி' ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால், படத்தை எதைக் கொண்டு திறக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐஎம்ரீட் வழக்கமாக, எக்ஸிஃப் தகவலை (படத்தோடு கேமரா எழுதிவைக்கும் குறிப்பு) பார்த்து மொபைல் படத்தை நிமிர்த்தித் தந்துவிடும். பைத்தானின் இன்னொரு பட லைப்ரரியான பில்லோ தானாக நிமிர்த்தாது. செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும், படுத்த முகத்தை இந்த டிடெக்டர் கண்டுபிடிக்காது. பில்லோவின் இமேஜ்ஆப்ஸ் பகுதியில் இதற்கென்றே எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் இருக்கிறது.

பில்லோவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தரும். ஓப்பன்சிவி எதிர்பார்ப்பது நீலம், பச்சை, சிவப்பு. மாற்றாமல் அப்படியே கிரேஸ்கேல் (கறுப்பு-வெள்ளை) ஆக்கினால், மூன்றையும் கூட்டும்போது சிவப்புக்குரிய 0.299 என்ற எடை நீலத்துக்கும், நீலத்துக்குரிய 0.114 சிவப்புக்கும் போய்விடும். மாநிறத் தோலில் சிவப்பு 140, பச்சை 95, நீலம் 70 என்று ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான வரிசையில் கிரே மதிப்பு 106. வரிசை மாறினால் 93. முகம் சும்மா இருக்க 13 அளவு இருண்டுவிடுகிறது. மங்கலான படத்தில் இந்த 13 பெரிய இழப்பு.

பிரகாசத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டியும் ஒரு மாற்றமும் இல்லை

பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001-இல் முன்வைத்த இந்த முறை, 24-க்கு 24 பிக்சல் அளவில் தேடும் சதுரம் ஒன்றைப் படம் முழுக்க நகர்த்திப் பார்க்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கேட்பது ஒரே வகைக் கேள்வி: இந்தச் செவ்வகம் பக்கத்துச் செவ்வகத்தைவிட இருட்டா, வெளிச்சமா? கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருட்டு. மூக்குத் தண்டு இரு பக்கக் கண்குழிகளைவிட வெளிச்சம். இப்படி ஆயிரக்கணக்கான சின்ன ஒப்பீடுகள். கூடவே ஒவ்வொரு சதுரத்திலும் கிடைத்த வித்தியாசத்தை அந்தச் சதுரத்தின் திட்டவிலக்கத்தால் (பிக்சல் மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வகுத்துவிடுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். எல்லாப் பிக்சலிலும் 60-ஐக் கூட்டினால், கழிக்கும்போது அந்த 60 அடிபட்டுப் போகிறது. எல்லாவற்றையும் 1.5-ஆல் பெருக்கினால், வித்தியாசமும் 1.5 மடங்கு, திட்டவிலக்கமும் 1.5 மடங்கு, வகுத்தால் பழைய எண்ணே வரும். உங்கள் கண்ணுக்குப் படம் பளிச்சென்று மாறியிருக்கும், டிடெக்டருக்கு அது அதே படம். உண்மையில் ஏதாவது மாறியிருந்தால் அது நஷ்டமாகத்தான் இருக்கும்: 255-ஐத் தாண்டிய பகுதிகள் வெட்டுப்பட்டு விவரம் போயிருக்கும்.

ஆக, டோன் சரிசெய்வதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கண்ணுக்கும் கன்னத்துக்கும் உள்ள வித்தியாசம், சுற்றியிருப்பதோடு ஒப்பிட்டால், கூடியதா குறைந்ததா? நேர்கோட்டு மாற்றத்தால் அது நகராது. காமா போன்ற வளைந்த மாற்றமோ, இடத்துக்கு இடம் வேறுபடும் மாற்றமோதான் நகர்த்தும்.

பிரகாசத்தைக் கூட்டியதும் படத்தில் விசித்திரமான கறுப்புத் திட்டுகள்

நம்பை அரேயில் (பைத்தானில் படம் இருக்கும் எண் அட்டவணை) நேரடியாக 40 கூட்டியிருப்பீர்கள். எட்டு பிட் எண் 255-க்கு மேல் போனால் சுழன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 230-உடன் 40 சேர்த்தால் 270 வராது, 14 வரும். நெற்றியில் வெளிச்சம் பட்ட இடம் கறுத்துவிடும். ஓப்பன்சிவியின் 'ஆட்' ஃபங்ஷன் 255-இல் நின்றுவிடும், அதைப் பயன்படுத்துங்கள்.

கன்வர்ட்ஸ்கேல்ஆப்ஸ் ஃபங்ஷனில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு பொறி இருக்கிறது. கழித்தபின் எண் மைனஸில் போனால் அது குறியை நீக்கி நேர்மதிப்பாக்கிவிடும். 60-ஐக் கழித்தால், 60 ஆக இருந்த பிக்சல் 0 ஆகும், 20 ஆக இருந்தது 40 ஆகும். கண்ணின் கருமை கன்னத்தைவிட வெளிச்சமாகிவிடும். டிடெக்டர் தேடும் கோலமே தலைகீழாகிறது.

ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர் முகம் மட்டும் கிடைப்பதில்லை

பின்னால் பளீரென்று வெளிச்சம், முகம் இருட்டு. இதற்குத்தான் காமா. சூத்திரம் சின்னது: உள்ளீட்டை 255-ஆல் வகுத்து, ஓர் அடுக்குக்கு உயர்த்தி, மறுபடி 255-ஆல் பெருக்குவது. அடுக்கு 1-க்குக் கீழே இருந்தால் இருட்டுப் பகுதி விரியும். பல நிரல்களில் 'காமா 2' என்று எழுதி உள்ளே 1-ஐ 2-ஆல் வகுத்து 0.5 என்ற அடுக்கைப் பயன்படுத்துவார்கள், சிலர் நேராக அடுக்கையே எழுதுவார்கள். வேறொருவர் நிரலிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டுப் படம் இன்னும் இருண்டால் காரணம் இதுதான். நான் இங்கே சொல்வதெல்லாம் அடுக்கு.

கன்னம் 38, கண் பட்டை 29, பின்னால் ஜன்னல் 240 என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே 9. கன்னத்துக்கும் ஜன்னலுக்கும் இடையே 202. தேடும் சதுரத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஜன்னல் வெளிச்சம் நுழைந்தாலே போதும், திட்டவிலக்கம் ஏறிவிடும், அதனால் வகுக்கும்போது அந்த 9 ஒன்றுமில்லாமல் போய்விடும். இப்போது 0.5 அடுக்கு காமா போடுங்கள். கன்னம் 98, கண் 86, ஜன்னல் 247. கண்-கன்னம் வித்தியாசம் 12 ஆகிறது, கன்னம்-ஜன்னல் வித்தியாசம் 149 ஆகச் சுருங்குகிறது. முன்பு 4.5 சதவீதமாக இருந்த விகிதம் இப்போது 8 சதவீதம். வெறும் 60-ஐக் கூட்டியிருந்தால் கண்ணும் கன்னமும் 89, 98 என்று ஆகி அதே 9 தான் மிஞ்சியிருக்கும், ஜன்னல்தான் 255-இல் முட்டி வெட்டுப்பட்டிருக்கும்.

நிரலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் அடுக்கு கணக்குப் போடாதீர்கள். 0 முதல் 255 வரை 256 எண்களுக்கு ஒருமுறை கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டு, எல்யூடி ஃபங்ஷனிடம் கொடுங்கள். பலகை மெதுவானதாக இருந்தாலும் ஓடும்.

எந்த அடுக்கு? படத்தின் சராசரியை நடு மதிப்புக்குக் கொண்டுவரும் தானியங்கிக் கணக்கு ஒன்று புழக்கத்தில் உண்டு: 0.5-இன் மடக்கையை, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டதாக மாற்றிய சராசரியின் மடக்கையால் வகுப்பது. ஜன்னல் படத்தில் அது ஏமாந்துவிடும், ஜன்னலே சராசரியைத் தூக்கிவிடுவதால் "வெளிச்சம் போதும்" என்று முடிவுகட்டும். நான் விரும்புவது எளிய வழி: மூலப் படத்தில் ஒருமுறை, 0.65-இல் ஒருமுறை, 0.45-இல் ஒருமுறை தேடி, கிடைத்த சதுரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்துவிடுவது. மூன்று மடங்கு நேரம் ஆகும். முதல் தேடலில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

எந்த டோன் மாற்றமும் தேடுவதற்கு மட்டும்தான். முகத்தை வெட்டி எடுப்பது மூலப் படத்திலிருந்து. அளவை மாற்றாதவரை இரண்டிலும் ஆயத்தொலைவுகள் ஒன்றே.

ஈக்வலைஸ்ஹிஸ்ட் போட்டதும் சில படங்கள் சரியாகின, சில கெட்டுப்போயின

எதிர்பார்க்க வேண்டியதுதான். ஈக்வலைஸ்ஹிஸ்ட் செய்யும் ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு) சமப்படுத்தல் படம் முழுவதற்கும் ஒரே வளைவை உருவாக்குகிறது. எந்த மதிப்பில் பிக்சல்கள் அதிகமோ அந்த மதிப்புக்கு அதிக இடம் ஒதுக்குகிறது. முகம் படத்தின் பெரும்பகுதியை அடைத்தால் அது முகத்துக்கு லாபம். வெள்ளைச் சுவரோ, வேட்டி சட்டை வரிசையோ, வெளிறிய வானமோ பெரும்பகுதியை அடைத்தால் இடமெல்லாம் அதற்கே போய்விடும், ஓரத்தில் இருக்கும் ஐந்தாறு முகங்கள் குறுகிய எல்லைக்குள் நெருக்கப்படும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு இது பொருத்தம். குழுப் படங்களுக்கு வேண்டாம்.

இந்த ஃபங்ஷன் எட்டு பிட், ஒரே சேனல் படத்தை மட்டுமே ஏற்கும். வண்ணப் படத்தைச் சேனல் சேனலாகப் பிரித்துச் சமப்படுத்திச் சேர்த்தால் தோல் பச்சையாகவும் ஊதாவாகவும் வரும். வண்ணம் வேண்டுமென்றால் லேப் வண்ண முறைக்கு மாற்றி, அதில் ஒளியைக் குறிக்கும் எல் சேனலை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புங்கள்.

கிளாஹே போட்டதும் திரைச்சீலையிலும் சுவரிலும் முகங்கள்

கிளாஹேயும் சமப்படுத்தல்தான், ஆனால் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வளைவு போட்டு, ஓரங்களை இழைத்துச் சேர்க்கிறது. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்கிற முகத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு எண்களைச் சரியாக வைக்க வேண்டும்.

முதலாவது கிளிப்லிமிட். எதுவும் கொடுக்காமல் விட்டால் ஓப்பன்சிவி 40 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தின் ஹிஸ்டோகிராமில் எந்த மதிப்பும் சராசரியைப் போல இத்தனை மடங்குக்கு மேல் உயரக்கூடாது என்பது இதன் பொருள். 40 மடங்கு என்றால் கட்டுப்பாடே இல்லாத மாதிரிதான். வெற்றுச் சுவரில் இருக்கும் துளித்துளி இரைச்சல்கூட (கேமரா தானாகச் சேர்க்கும் புள்ளிகள்) மலையாக எழும்பி, அதில் கண் மூக்கு போல் ஏதாவது ஒரு கோலம் அமைந்துவிடும். 2-இல் தொடங்குங்கள். 3-க்கு மேல் போகத் தேவை வந்தால் படத்தின் இரைச்சலை முதலில் கவனியுங்கள்.

இரண்டாவது டைல்கிரிட்சைஸ். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 8-க்கு 8 என்பது பிக்சல் அளவு கிடையாது. படத்தைக் குறுக்கே எட்டாகவும் நெடுக்கே எட்டாகவும் பிரி என்று அர்த்தம். 4000-க்கு 3000 படத்தில் ஒரு கட்டம் 500-க்கு 375 பிக்சல். அதே அமைப்பு 640-க்கு 480 வெப்கேம் படத்தில் 80-க்கு 60 ஆகிவிடும். உங்கள் படத்தில் முகமே 70 பிக்சல் என்றால், ஒரு முகத்துக்கு ஏறத்தாழ ஒரு கட்டம் வரும். அப்போது கன்னத்துக்கும் கண்குழிக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தையே கிளாஹே வளைத்துவிடுகிறது. கட்டம் இன்னும் சின்னதானால் கன்னத்துக்குத் தனி வளைவு, கண்ணுக்குத் தனி வளைவு என்றாகி, டிடெக்டர் தேடும் வித்தியாசமே அழிந்துபோகும். எதிர்பார்க்கும் முகத்தைப் போல ஒரு கட்டம் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். சின்னப் படத்துக்கு 3-க்கு 3, 4-க்கு 4 போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு போலி முகங்கள் வந்தால் மின்நெய்பர்ஸ் எண்ணை (ஒரு முகத்தை ஏற்க ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை சதுரங்கள் வேண்டும் என்பது) டிஃபால்ட்டான 3-இலிருந்து 5 அல்லது 6 ஆக்குங்கள்.

இருட்டுப் படத்தை வெளிச்சமாக்கினால் முகம் வருகிறது, கூடவே குப்பையும் வருகிறது

காமாவுக்கு முகமும் தெரியாது, இரைச்சலும் தெரியாது. இருட்டில் இருந்த இரண்டையும் சேர்த்தே விரிக்கும். வாட்ஸாப்பில் சுற்றி வந்த படமாக இருந்தால் இன்னும் மோசம். ஜேபெக் சுருக்கம் 8-க்கு 8 பிக்சல் தொகுதிகளாக நடக்கிறது, இருட்டில் மறைந்திருந்த தொகுதிகளின் விளிம்புகள் காமாவுக்குப் பிறகு கட்டங்கட்டமாக வெளியே வரும்.

வரிசையை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். முதலில் படத்தைச் சுருக்குங்கள், அப்புறம் டோனைத் தொடுங்கள். இன்டர்_ஏரியா முறையில் பாதியாகச் சுருக்கினால் நான்கு பிக்சல்களின் சராசரி ஒரு பிக்சலாகிறது, இரைச்சல் அங்கேயே குறைகிறது. 200 பிக்சல் முகம் 100 ஆனாலும் டிடெக்டருக்குத் தேவையான 24-ஐவிட எவ்வளவோ மேல். ஆயத்தொலைவுகளைத் திரும்ப இரண்டால் பெருக்க மறக்காதீர்கள். அதுவும் போதவில்லை என்றால் சுற்றியுள்ள பிக்சல்களின் நடு மதிப்பை வைக்கும் 3 பிக்சல் மீடியன் ஃபில்டர் ஒன்றைக் காமாவுக்கு முன்னால் போடலாம்.

ஃபிளாஷ் அடித்து வெளிறிப்போன முகத்துக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. கன்னம் முழுக்க 255 என்றால் அங்கே பதிவான விவரமே கிடையாது. கேமராவின் எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுப்பதுதான் வழி.

குழுப் படத்தில் கறுப்புத் தோல் உள்ளவர்கள் மட்டும் விடுபடுகிறார்கள்

இந்த அறிகுறியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருகைப்பதிவு, தேர்வுக்கூடக் கண்காணிப்பு என்று முகம் கண்டறியும் நிரல் போகிற இடங்களில், விடுபடுகிறவர் அதற்கு விலை கொடுக்கிறார். எம்ஐடி மீடியா லேபில் இருந்த ஜாய் புவோலம்வினி, தன் முகத்தைக் காணாத மென்பொருள் தான் வெள்ளை முகமூடி போட்டதும் கண்டுகொண்டதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2018-இல் அவரும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்களின் பிழை கருமையான தோல் கொண்ட பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்ந்த தோல் கொண்ட ஆண்களிடம் அது 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கண்டறிதலும் பாலினம் சொல்வதும் வேறு வேறு வேலைகள்தான். ஆனாலும் பழக்கிய படங்களில் யார் குறைவோ அவர்கள் தலையில்தான் பிழை விழுகிறது என்பது இரண்டுக்கும் பொது.

நம் ஊர்க் கல்யாணப் படங்களில் இது இரட்டிப்பாகும். வெள்ளை வேட்டி, பளபளக்கும் ஜரிகை, மேடை விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக் கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளும். கறுத்த முகம் 20-க்கும் 45-க்கும் இடையே நெருக்கப்படும். அங்கே கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே ஐந்தாறு அளவுகள்தான் மிஞ்சும். காமா அதை விரிக்கும், ஆனால் ஐந்தை ஐம்பதாக்காது. அதனால் சரிசெய்தலைக் கேமராவிலேயே தொடங்குங்கள்: முகத்தைத் தொட்டு எக்ஸ்போஷர் பூட்டுவது, முன்பக்கம் ஒரு விளக்கு வைப்பது. அதன் பிறகு 0.5 சுற்று வட்டாரத்தில் காமா, கட்டங்கள் பெரிதாக வைத்த கிளாஹே.

சோதிக்கும்போது மொத்தமாக "92 சதவீதம் கிடைத்தது" என்று ஒரே எண்ணில் நிறுத்தாதீர்கள். படங்களில் உள்ள முகங்களைக் கையால் எண்ணி, கறுப்பு, மாநிறம், வெளிர் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை விடுபட்டன என்று பாருங்கள். டோனை எவ்வளவு திருத்தினாலும் ஒரு பிரிவு பின்தங்கியே இருந்தால் டிடெக்டரையே மாற்ற வேண்டும்.

நியூரல் டிடெக்டருக்கு மாறினேன், டோன் திருத்தத்துக்குப் பிறகு முன்பைவிட மோசம்

ஓப்பன்சிவி 4.5.4-இலிருந்து யூநெட் என்ற நியூரல் டிடெக்டரை ஓட்டும் வசதி கூடவே வருகிறது. இந்த வகை டிடெக்டர்கள் இயல்பான வண்ணப் படங்களில் பழகியவை. கிளாஹே போட்டு முறுக்கேறிய கிரே படத்தை மூன்று சேனலாக நகலெடுத்துக் கொடுத்தால் அதுவரை பார்க்காத ஒன்றைக் காட்டுகிறீர்கள். முதலில் எந்தத் திருத்தமும் இல்லாத வண்ணப் படத்தைக் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். விடுபட்டால், டோனுக்குப் போகும் முன் ஸ்கோர் திரெஷோல்டை (முகம் என்று ஏற்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்) பாருங்கள். டிஃபால்ட் 0.9, கொஞ்சம் கறார். 0.7-க்கு இறக்கியதும் இருட்டு முகங்கள் பல தாமாக வந்துவிடும். உள்ளீட்டு அளவு படத்தின் அளவோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் தேவை என்றால் மட்டும் எல் சேனலில் மிதமான காமா, 0.7 போல.

வீடியோவில் சதுரம் வந்து வந்து போகிறது

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் காமாவைப் புதிதாகக் கணக்கிட்டால், யாராவது வெள்ளைச் சட்டையோடு குறுக்கே நடந்தாலே அடுக்கு எகிறும். பழைய அடுக்கில் 90 சதவீதம், புதியதில் 10 சதவீதம் என்று கலந்து நகர்த்துங்கள். சமப்படுத்தலை ஃப்ரேம்தோறும் போடுவதும் இதே துடிப்பைத் தரும்.

ஆள் நடமாட்டமே இல்லாமல் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஊர்ந்தால், அது பழைய சோக்கு வைத்த டியூப்லைட்டின் வேலை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமரா அமைப்பில் மின் அலைவெண் 60 என்று இருந்தால் 50 ஆக்குங்கள். கையால் வைப்பதானால் எக்ஸ்போஷர் நேரம் 1/100 அல்லது 1/50 நொடி.